பட்டியலில் விடுபட்ட முதல் பெயர்

1994ஆம் ஆண்டு, ஆவணி முடிந்து புரட்டாதி தொடங்கிய நேரம். யாழ்ப்பாணத்தில் யுத்தத்தால் மின்சாரம் நின்று நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தைந்து வயது. பட்டணத்தில் ஒரு நிவாரணக் கந்தோரில் கொம்பியூட்டர் வேலை செய்துகொண்டிருந்தேன். மின்சாரமே இல்லாத ஊரில் கொம்பியூட்டர் வேலையா என்று இன்றைக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அன்றைக்கும் சிரித்தார்கள்தான்.

கந்தோரில் மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு ஜெனரேற்றர் இருந்தது. காலை பத்து மணிக்குப் போடுவார்கள், பன்னிரண்டு மணிக்கு நிறுத்துவார்கள். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். இடையில் ஜெனரேற்றர் ஒரு தரம் இருமினால் திரை கறுத்து, சேமிக்காத வேலை எல்லாம் போய்விடும். அதனால் மிச்ச நேரத்தில் நான் எழுதிய புரோகிராமைக் கடதாசியில் அச்சடித்து எடுத்துக்கொண்டு முற்றத்து வேப்பமரத்தின் கீழ் பென்சிலோடு இருப்பேன். எந்த வரியில் பிழை, எதை மாற்ற வேண்டும் என்று கடதாசியிலேயே குறித்து வைத்துவிட்டு, பத்து மணி ஆனதும் உள்ளே ஓடிப்போய்த் திருத்துவேன்.

விண்டோஸ் அப்போதுதான் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்திருந்தது. அதற்குப் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களைக் குடாநாட்டில் விரல்விட்டு எண்ணலாம். எனக்கும் முழுதாகத் தெரியாது. கொழும்பில் படித்த படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். கையில் இருந்தது போட்டோப் பிரதி எடுத்த ஒரு புத்தகம், அதிலும் நடுவில் முப்பது பக்கம் இல்லை. ஆனாலும் திரை உறைந்துபோனால் என்ன செய்வது, பிறின்ரர் பாதியில் நின்றால் எங்கே பார்ப்பது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். வேறு கந்தோர்களில் இருந்தும் என்னிடம் கேட்க வருவார்கள். அந்தப் பெருமை எனக்குள் கொஞ்சம் ஊறித்தான் இருந்தது.

எங்கள் கந்தோரின் முக்கியமான வேலை, இங்கே செய்ய முடியாத சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு போக வேண்டிய நோயாளிகளைக் கப்பலில் அனுப்புவது. மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தரம், மாதம் ஒன்றுபோல, பருத்தித்துறையில் இருந்து கப்பல் போகும். ஒரு பயணத்துக்கு நாற்பது பேர். வைத்தியர்கள் எழுதித் தருகிற பெயர்களை வைத்து நாங்கள் பட்டியல் தயாரித்து, கப்பலுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கந்தோர் வாசலில் ஒட்டுவோம். பெயர் இருந்தால் குறித்த நாளில் பருத்தித்துறைக்குப் போகலாம். இல்லாவிட்டால் அடுத்த கப்பல்.

முன்பு அந்தப் பட்டியலைத் தட்டச்சு இயந்திரத்தில் அடித்தார்கள். ஒரு பெயர் மாறினால் முழுத் தாளையும் திரும்ப அடிக்க வேண்டும். நான் அதற்கு ஒரு புரோகிராம் எழுதினேன். பெயர்களைத் திரையில் உள்ள ஒரு பெட்டிக்குள் போட்டால் அதுவே ஆங்கில அகரவரிசையில் அடுக்கிக்கொள்ளும். ஒரு பொத்தானை அமத்தினால் பட்டியல் அச்சாகி வரும். கீழே மொத்தம் இத்தனை பேர் என்றும் வரும்.

முதல் தரம் சோதித்துப் பார்த்தபோது ஒரு சின்னக் குறை இருந்தது. பட்டியலின் கடைசியில் ஒரு வெற்று வரி வந்தது. பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து அச்சடிக்கச் சொல்லியிருந்த இடத்தில் புரோகிராம் ஒரு தரம் கூடுதலாகச் சுற்றுகிறது என்று நினைத்தேன். எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தேன். வெற்று வரி போய்விட்டது. திருத்துவதற்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. பார்த்தீர்களா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டியும் கொண்டேன்.

அந்தப் புரோகிராமில் அச்சான முதலாவது பட்டியலை ஒட்டிய அன்றே சண்டிலிப்பாயில் இருந்து ஒரு புகையிலைக்காரர் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். வைத்தியர் எழுதித் தந்த கடிதத்தை ஆட்டிக்கொண்டு, என்ரை பேர் எங்கை, ஆருக்கு என்ரை இடத்தைக் குடுத்தனியள் என்று கேட்டார். ஆட்கள் கூடிவிட்டார்கள். எங்கள் பொறுப்பாளர் வெளியே வந்து, கடிதத்தைப் பார்த்துவிட்டு, அவருடைய பெயரைப் பட்டியலின் கீழே கையால் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அவர் கப்பலில் போனார். அதைப் பார்த்த வேறு பலரும் தங்கள் பெயரையும் கையால் எழுதச் சொல்லி வந்து நின்றார்கள். அதனால் இனிமேல் கையால் எழுதிய பெயர் செல்லாது, அச்சடித்த பெயர் மட்டும்தான் என்று எங்கள் கந்தோரே பருத்தித்துறைத் துறைமுகத்துக்கு அறிவித்தது. அந்தப் புகையிலைக்காரரின் பெயர் எப்படி விடுபட்டது என்று நான் யோசிக்கவில்லை. பெயரைப் பதிந்தவர்கள் தவற விட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது பட்டியல் ஒட்டியபோது ஒருவர் வந்தார். குருநகர்க் கடற்றொழிலாளி. நாற்பது வயது இருக்கும். ஷெல்லடிக்குப் பயந்து குடும்பத்தோடு அச்சுவேலியில் மனைவியின் தங்கை வீட்டில் இருந்தார். மனைவிக்கு இருதயத்தில் வால்வு பழுது. கொழும்பில்தான் செய்ய வேண்டும். இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர் சத்தம் போடவில்லை. யன்னலடியில் நின்று, மனிசியின்ரை பேரைக் காணேல்லை, ஒருக்கால் பாத்துச் சொல்லுவீங்களோ என்று கேட்டார். நான் பட்டியலைப் பார்த்தேன். இல்லை. அடுத்த கப்பலுக்குப் பாருங்கோ என்றேன். ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்றாவது பட்டியலிலும் அவருடைய மனைவியின் பெயர் இல்லை. அன்று அவர் கொஞ்சம் தயங்கி நின்றார்.

"தம்பி, உதில பிழை ஏதும் வந்திருக்குமோ?"

"கொம்பியூட்டர் பிழை விடாது அண்ணை. டொக்ரர்மார் ஆரை முதல்ல அனுப்ப வேணுமெண்டு சொல்லியிருப்பினம்" என்றேன்.

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். இப்போது நினைத்தாலும் அந்தப் பதில்தான் எனக்குக் கூசுகிறது. அவர் நம்பியதற்காக அல்ல, அவ்வளவு இலகுவாக என்னால் அதைச் சொல்ல முடிந்ததற்காக.

நான்காவது பட்டியலும் ஒட்டினோம். அவர் வந்து பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, கப்பல் வரும் நாள், காலை ஒன்பதரை மணிபோல் திரும்பவும் வந்தார். நான் வேப்பமரத்தின் கீழ் இருந்தேன். கிட்ட வந்து, ஏதோ குற்றம் செய்தவர் மாதிரிக் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

"தம்பி, கோவிக்கக் கூடாது. கீழ நாப்பது எண்டு கிடக்கு. நான் எண்ணினா முப்பத்தொன்பது பேர்தான் வருது."

எனக்கு எரிச்சல் வந்தது. வரி பிசகி எண்ணியிருப்பீர்கள் என்றேன்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். போனமுறையும் எண்ணினனான், அதுக்கு முதலும் எண்ணினனான். முப்பத்தொன்பதுதான். படிச்ச பிள்ளையளிட்டை எப்பிடிக் கேக்கிறதெண்டு விட்டிட்டன்."

அவருக்குக் காட்டுவதற்காகவே எழும்பி வாசலுக்குப் போனேன். பென்சிலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு எண்ணினேன். முப்பத்தொன்பது. திரும்பவும் எண்ணினேன். முப்பத்தொன்பது. பட்டியலின் இடது பக்கத்தில் தொடர் இலக்கம் போட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நீளமான பெயர்களுக்கு இடம் வேண்டுமென்று நான்தான் அதை விட்டிருந்தேன்.

ஓடிப்போய்ப் புரோகிராம் அச்சடித்த கடதாசிகளை விரித்தேன். பெயர்களை எடுக்கிற அந்த நாலு வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விளங்க ஐந்து நிமிடம் எடுத்தது. திரையில் இருக்கிற அந்தப் பெட்டி தன்னிடம் உள்ள பெயர்களை ஒன்றில் இருந்து எண்ணுவதில்லை. பூச்சியத்தில் இருந்து எண்ணும். முதலாவது பெயருக்கு அதனிடம் இலக்கம் பூச்சியம். நான் ஒன்றில் இருந்து எடுக்கச் சொல்லியிருந்தேன். அப்படியென்றால் முதலாவது பெயர் எப்போதுமே விடுபடும், கடைசியில் இல்லாத ஒரு பெயரைத் தேடி வெற்று வரி வரும். அந்த வெற்று வரிதான், இங்கே ஒரு ஆளைக் காணவில்லை என்று எனக்குக் காட்டியது. நான் அந்த வரியை இல்லாமல் செய்துவிட்டுப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பத்து மணிக்கு ஜெனரேற்றர் போட்டார்கள். கொம்பியூட்டர் முழித்து வருவதற்கு எடுத்த அந்த இரண்டு நிமிடமும் இருக்காமல் மேசையடியிலேயே நின்றேன். பெட்டியைத் திறந்தேன். அகரவரிசையில் முதலாவதாக, எல்லாருக்கும் மேலே, அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. ஆங்கிலத்தில் முதல் எழுத்திலேயே தொடங்குகிற பெயர். சண்டிலிப்பாய்க்காரரின் பெயரும் அப்படித்தான். அவர் போன பிறகு முதலிடம் இவருக்கு வந்திருக்கிறது. போகாதவர்களின் பெயர் அடுத்த பட்டியலுக்கு மாறும்போது இவரும் மாறி, திரும்பவும் முதலிடத்துக்கு வந்து, திரும்பவும் விடுபட்டிருக்கிறார்.

அதைவிடப் பயங்கரம் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. "வரவில்லை" என்று இரண்டு தரம் பதிந்திருந்தது. மூன்றாவது தரமும் வராவிட்டால் அந்த ஆளின் பத்திரக் கோவையை மூடி வைப்பது வழக்கம். பிறகு வைத்தியரிடம் இருந்து எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். இன்றைக்குத்தான் அந்த மூன்றாவது தரம். பின்னேரம் இரண்டு மணிக்குத் துறையில் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

எங்கள் பொறுப்பாளர் ஒரு பெண். ஐம்பது வயது, அதிகம் கதைக்காதவர், எல்லாருக்கும் அவரிடம் பயம். அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எத்தினை லிஸ்ற் உப்பிடிப் போயிருக்கு?"

"நாலு அக்கா."

பேனையை எடுத்து ஒரு கடிதம் எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரை குத்தினார். கையால் எழுதியது செல்லாது என்று நாங்களே அறிவித்திருந்தது அந்த அவசரத்தில் இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை. "வாகனம் விடியவே படுக்கை நோயாளியளோடை போயிட்டுது. உம்மட சைக்கிளிலதான் போகவேணும். நீரே போம். பிழை ஆரின்ரை எண்டு கேட்டால் நீரே சொல்லும்" என்றார்.

பத்தேகாலுக்கு நானும் அந்தக் கடற்றொழிலாளியும் வெளிக்கிட்டோம். அவருடைய சைக்கிளில் ஒரு பக்கம் மிதி இல்லை, இரும்புக் கம்பி மட்டும்தான். அப்படியிருந்தும் எனக்கு முன்னால் போனார். அவரிடம் நான் இன்னும் ஒன்றும் விளக்கவில்லை. பேர் இருக்கு அண்ணை, இண்டைக்கே போகலாம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கோப்பாய் தாண்டும்வரை மிதித்துக்கொண்டே கணக்குப் பார்த்தேன். அச்சுவேலிக்கு ஒன்றேகால் மணித்தியாலம். அங்கே இருந்து பருத்தித்துறைக்கு நோயாளியைக் கொண்டுபோக ஒரு வாகனம் வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று தெரியாது. அந்தப் பெண்ணால் அவ்வளவு தூரம் போக முடியுமா என்றும் தெரியாது.

நீர்வேலியில் ஹெலிகொப்ரரின் சத்தம் கேட்டது. தெருவில் போனவர்கள் எல்லாரும் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பக்கத்து வாழைத்தோட்டத்துக்குள் பாய்ந்தார்கள். நாங்களும் பாய்ந்து வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்தோம். செம்மண் ஈரமாக இருந்தது. ஹெலி மேலே சுற்றிச் சுற்றி வந்தது. எங்கேயோ தூரத்தில் சுட்டது. நான் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தேன். வெடி படுமோ என்ற பயத்தைவிட நேரம் போகிற பயம்தான் கூடுதலாக இருந்தது. பக்கத்தில் அவர் கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். முடித்ததும் சொன்னேன்.

"அண்ணை, உங்கடை மனிசியின்ரை பேர் விடுபட்டது என்னாலைதான். நான் எழுதினதிலதான் பிழை. மூண்டு தரமும்."

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் மண் ஒட்டியிருந்தது. கோபம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"முதல்ல போவம் தம்பி. உதைப் பிறகு கதைப்பம்" என்றார்.

ஹெலி போக இருபது நிமிடம் ஆனது. அச்சுவேலிக்கு நாங்கள் போய்ச் சேரும்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். வீட்டுக்குள் அவருடைய மனைவி சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து இருந்தார். படுத்தால் மூச்சு முட்டுமாம், அதனால் நித்திரையும் இருந்தபடிதான். வயது முப்பத்திரண்டு முப்பத்துமூன்றுதான் இருக்கும். உதடு நீலம் பாய்ந்து இருந்தது. கணவர் விசயத்தைச் சொன்னதும் அவர் எழும்பவில்லை.

"நான் வரேல்லை. இரண்டு தரம் பை அடுக்கி வச்சு, பிறகு அவிட்டனான். பேர் இல்லாமல் அங்கை போய் நிண்டு திரும்பிவர என்னாலை ஏலாது" என்றார். இதைச் சொல்வதற்கு இடையில் மூன்று தரம் மூச்செடுத்தார்.

நான் முன்னால் போய்க் கடிதத்தைக் காட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. என்னையே பார்த்தார்.

"உங்கடை பெட்டிக்குள்ளை என்ரை பேர் இருக்கோ?"

"இருக்கு அக்கா. எல்லாருக்கும் முதல் உங்கடை பேர்தான் இருக்கு."

"முதல்ல இருந்தோ விடுபட்டது?"

"ஓம். முதல்ல இருந்தபடியால்தான் விடுபட்டது. நான் பிழையாய் எழுதிப்போட்டன்."

அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. தங்கையைக் கூப்பிட்டு, "சீலை இரண்டை எடுத்துப் பையில வை" என்றார்.

நானும் கணவரும் சந்தைக்கு ஓடினோம். கார் ஒன்று நின்றது, ஆனால் எண்ணெய் இல்லை. கத்தரிக்காய் மூட்டைகளோடு ஒரு லான்ட்மாஸ்ரர் வந்து நின்றது. இரண்டு சில்லு இயந்திரத்துக்குப் பின்னால் பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் அது. ஓட்டி வந்த கமக்காரர் எங்களுக்கு முன்பின் தெரியாதவர். விசயத்தைச் சொன்னோம். அவர் மூட்டைகளை நிலத்தில் இறக்கிவிட்டுப் பக்கத்தில் இருந்த வியாபாரியிடம், உதுகளைப் பாத்துக்கொள்ளும் என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வெளிக்கிட்டோம். இரண்டு பிள்ளைகளும் வாசல் படலையில் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மண்ணெண்ணெய்ப் புகை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே வந்தது. அதனால் பின்பக்கம் பார்க்கத் திருப்பி இருத்தினோம். கணவர் பின்னால் இருந்து தன் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு எதிரே இருந்தேன். குழிகளில் பெட்டி துள்ளும்போதெல்லாம் அவர் கண்ணை இறுக்கி மூடுவார். வேகமாகப் போனால் அவருக்குக் கூடாது, மெதுவாகப் போனால் நேரம் போய்விடும். கமக்காரர் திரும்பித் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொல்வது என்று தெரியாமல் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

வல்லை வெளியில் ஒரு மரமும் இல்லை. தென்மேற்கில் இருந்து வந்த கச்சான் காற்று குடையைப் பிடுங்கியது. நடுவெளியில் அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பெட்டிக்கு வெளியே குனிந்து சத்தி எடுத்தார். அதன் பிறகு மூச்சு ஒழுங்காக வரவில்லை. வாயைத் திறந்து திறந்து பார்க்கிறார், காற்று போதுமான அளவு உள்ளே போகவில்லை. கணவர் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு, ஆறுதலாய், ஆறுதலாய் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் நிலத்தில் இறங்கி நின்றேன். இந்த மனுசி இந்த வெளியில் வைத்து இறந்துபோனால், அது ஒரு வரியில் ஒரு இலக்கத்தை நான் பிழையாக எழுதியதற்காக என்று தோன்றியது. அந்த நினைப்பு இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. ஐந்து நிமிடமோ, பத்து நிமிடமோ கழித்து மூச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. அவரே கையைக் காட்டி, போகலாம் என்றார்.

துறைக்குப் போனபோது இரண்டு மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது. வாசலில் ஒரு நடுத்தர வயதுக்காரர் பட்டியலோடு மேசை போட்டு இருந்தார். நான் கடிதத்தை நீட்டினேன். அவர் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"கையால எழுதினது செல்லாது எண்டு உங்கடை கந்தோர்தானே அறிவிச்சது. அச்சடிச்ச பேர் இல்லாமல் நான் விடேலாது."

பொறுப்பாளரின் கையெழுத்து என்றேன். வைத்தியரின் கடிதத்தைக் காட்டினேன். அவர் கெட்டவர் அல்ல. தினமும் எத்தனையோ பேரின் கடிதங்களைப் பார்க்கிறவர். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்போது அந்தக் கடற்றொழிலாளி, மனைவியைக் கமக்காரரின் பொறுப்பில் விட்டுவிட்டு, மேசைக்குக் கிட்ட வந்தார்.

"ஐயா, அந்த லிஸ்றை ஒருக்கால் எண்ணிப் பாருங்கோ."

"ஏன்?"

"கீழ எத்தினை எண்டு கிடக்கு, மேல எத்தினை பேர் எண்டு பாருங்கோ."

அவர் விரலால் தொட்டு எண்ணினார். நின்றார். திரும்பவும் முதலில் இருந்து எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அந்த நாற்பதாவது ஆள் இவருடைய மனைவிதான், புரோகிராம் எழுதியது நான், பிழை என்னுடையது, இவர்கள்மேல் ஒரு பிழையும் இல்லை.

அவர் பட்டியலை மேசையில் வைத்தார். "அதுதான் ஒவ்வொரு முறையும் ஒரு இடம் சும்மா போச்சுது. ஆரோ வராமல் விட்டிட்டினம் எண்டு நாங்கள் நினைச்சம்" என்றார். அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அறைந்தது மாதிரி இருந்தது. இரண்டு கப்பலில் இந்தப் பெண்ணுக்கு என்று ஒரு இடம் காத்திருந்து வெறுமையாகப் போயிருக்கிறது.

கதவைத் திறந்துவிட்டார். படுக்கை நோயாளிகளுக்கு மட்டும்தான் துணைக்கு ஆள் போகலாம். அந்தப் பெண் படுக்கை இல்லாமல் இருந்தபடி போகக் கூடியவர் என்றபடியால் தனியாகத்தான் போக வேண்டும். கணவர் பையைக் கையில் கொடுத்து, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார். அந்தப் பெண் இரண்டு அடி வைத்துவிட்டு நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இனிமேல் எண்ணிப்போட்டு ஒட்டுங்கோ" என்றார்.

படகு கப்பலை நோக்கிப் போகும்வரை நின்றோம். பிறகு அந்தக் கமக்காரரின் பெட்டியிலேயே அச்சுவேலிக்குத் திரும்பினோம். பிறகு கதைப்பம் என்று சொன்ன கணவர், சைக்கிளை எடுத்துத் தரும்போதும் அந்தக் கதையை எடுக்கவில்லை. போயிட்டு வாங்கோ தம்பி என்றார்.

அடுத்த நாள் பத்து மணிக்கு ஜெனரேற்றர் போட்டதும் அந்த வரியைத் திருத்தினேன். தொடர் இலக்கமும் போட்டேன். பொறுப்பாளர் பழைய பட்டியல்கள் எல்லாவற்றையும் என் முன்னால் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொன்னார். பார்த்து முடித்தபோது எனக்கு விளங்கிய இன்னொரு விசயம் புரோகிராமைப் பற்றியது அல்ல. சண்டிலிப்பாய்க்காரர் சத்தம் போட்ட அன்றே அந்தப் பிழை வாசலில் வந்து நின்றிருக்கிறது. சத்தம் போட்டவருக்கு நாங்கள் கையால் எழுதி இடம் கொடுத்தோம். பணிவாகக் கேட்டவரை நம்பாமல் திருப்பி அனுப்பினோம். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்.

அடுத்த வருடம் ஐப்பசியில், ஆமி முன்னேறி வர, நாங்கள் இருந்த வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் போனது. சாவகச்சேரியில் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு நாள் அவரைக் கண்டேன். இரண்டு பிள்ளைகளும் கூட நின்றார்கள். மனைவிக்குத் தை மாதம்தான் சத்திரசிகிச்சை நடந்ததாம். இப்போது மாடிப்படி ஏறுகிறாராம். இரத்தம் சோதித்துச் சோதித்து மருந்து கொடுக்க வேண்டும் என்பதால் சித்திரைவரை நிற்கச் சொன்னார்களாம். அவர் வெளிக்கிட இருந்த நேரம் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டிவிட்டது. அவர் அந்தப் பக்கம், இவர்கள் இந்தப் பக்கம்.

இரண்டு மாதம் முன்னதாகப் போயிருந்தால் பாதை பூட்ட முதல் வந்து சேர்ந்திருப்பாரோ என்று அவரிடம் கேட்க நினைத்தேன். நான் கேட்கவில்லை. அவரும் அதைச் சொல்லவில்லை. "கடிதம் போட்டவ. உங்களையும் விசாரிச்சவ" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர்களை நான் சந்திக்கவில்லை. அவர்கள் ஒன்றுசேர்ந்திருப்பார்கள் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கும் எனக்கு இதுதான் தொழில். எத்தனையோ பேர் என்னோடு வேலை செய்கிறார்கள். எத்தனையோ விதமான பிழைகளைத் திருத்தியிருக்கிறோம். ஆனால் திரையில் இருந்த ஒரு குறை சட்டென்று மறைந்துவிட்டால் மற்றவர்களைப்போல எனக்குச் சந்தோசம் வருவதில்லை. அது எங்கே போனது, யாருடைய வாசலில் போய் நிற்கிறது என்ற பயம்தான் முதலில் வருகிறது.